இருபத்தாறாவது புள்ளி

"கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா... நீங்க நிக்கிறது என்னோட புள்ளி."

சௌடேஸ்வரி இப்படிச் சண்டைக்கு இழுத்த இடம் பஸ்ஸோ சினிமா தியேட்டரோ இல்லை. திருச்சுழிக்குத் தெற்கே, கூப்பிட்டால் ஏன் என்று கேட்க நாதியில்லாத சீமைக்கருவேலங்காடு. ஸ்கூட்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு, துப்பட்டாவில் பாதியை முள்ளுக்கு மொய் எழுதிவிட்டு, போனில் அம்புக்குறி காட்டிய வழியே வந்து சேர்ந்தால்... சரியாக அந்தப் புள்ளியின் மேல் ஒருத்தன் நிற்கிறான். கையில் போன், முதுகில் பை. வியர்வையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் இவளையே பார்த்தான்.

அந்தப் பார்வை அவளுடைய கோபத்தைப் பாதி வழியிலேயே நிறுத்தப் பார்த்தது. பெரிய கண்கள். சரியாகத் தூங்காத கண்கள். சிரித்தால் அழகாக இருக்கும்... ஆனால் சிரித்து ரொம்ப நாளாகியிருக்கும். 'போதும்டி, இதை ஆராய்ச்சி பண்ணவா வந்தே' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"இது என் புள்ளிங்க. நான்தான் முதல்ல வந்தேன்."

"முதல்ல வந்து இடம் பிடிக்க இது என்ன பஸ்ஸு சீட்டா? துண்டு போட்டு வச்சிருக்கீங்களா?"

"துண்டு கொண்டு வரல. வேணும்னா பையப் போட்டு வைக்கவா?"

முகத்தில் சிரிப்பின் அடையாளமே இல்லாமல் கேட்டான். அவளுக்குத்தான் சிரிப்பு வந்து தொலைத்தது. அடக்கிக்கொண்டு நான்கு பக்கமும் போட்டோ எடுத்தாள், 'கருவேலம், நெருக்கம்' என்று போனில் குறித்துக்கொண்டாள், திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை என்பது அவள் சொல்வது. முள் குத்தியது என்று ஒரு தடவை நின்றாள், அவ்வளவுதான்.

அவள் செய்யும் வேலை இதுதான். அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பெண், மதுரையில் எம்.எஸ்சி. புவித் தகவலியல், கடைசி வருடம். வானத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு, திருச்சுழி தாலுகாவில் எது பருத்திக்காடு, எது தரிசு, எது கருவேலம் என்று கம்ப்யூட்டரைப் பிரிக்கச் சொல்லியிருந்தாள். அது சொன்னது மெய்யா பொய்யா என்று ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எங்கே பார்ப்பது? அதையும் கம்ப்யூட்டரே சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு வரைபடத்தில் நூறு புள்ளிகளைத் தூவிவிடும். அந்த நூறுக்கும் கல்லோ முள்ளோ நடந்துதான் ஆக வேண்டும்.

மறுநாள் பத்து மைல் தள்ளி ஒரு பருத்திக்காட்டு வரப்பில் போய் நின்றாள். வரப்பின் அந்தக் கோடியில்... அவன்.

அதற்கு அடுத்து, தண்ணீரில்லாத ஒரு கண்மாயின் நடுவில். அங்கேயும் அவன்தான்.

"இந்தா பாருங்க... பின்னாலேயே சுத்துறவங்கள நான் நிறையப் பாத்திருக்கேன். ஒரு போன் அடிச்சா எங்க தெருவே கிளம்பி வந்துரும், தெரியுமா?"

"வரட்டும்ங்க. இந்தக் கண்மாய்க் கருவேலத்த வெட்ட ஆள் கிடைக்காம ஊரே முழிச்சுக்கிட்டு இருக்கு." அவன் தன் போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "நான் ஒண்ணும் உங்க பின்னால வரல. நீங்கதான் எனக்குப் பின்னால வாரீக. பாருங்க."

பார்த்தாள். அட்சரேகை, தீர்க்கரேகை... தசம எண்கள் வரைக்கும் அப்படியே அவளுடையவை. இந்தப் புள்ளி மட்டுமில்லை. நூறும்.

திருச்சுழி டீக்கடையில், மேகம் கவிழ்ந்து இருட்டிக்கொண்டு வந்த ஒரு மாலையில்தான் முடிச்சு அவிழ்ந்தது. அவன் பெயர் ஜோதிலிங்கம். எம்.ரெட்டியபட்டிக்கு அப்பால் ஒரு கிராமம். திருச்சியில் இதே படிப்பு, இதே தாலுகா, இதே கருவேலம். தற்செயலாகப் புள்ளி தூவச் சொல்லும்போது கம்ப்யூட்டருக்குத் தொடங்குவதற்கு ஒரு எண் கொடுக்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தால் புள்ளிகளும் அதே வரிசையில் அச்சு அசலாக ஒன்றாகவே விழும். இரண்டு பேரும் யூடியூபில் ஒரே பாடத்தைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வாத்தியார் நாற்பத்திரண்டு என்று போட்டிருந்தார். எண்ணை மாற்ற வேண்டும் என்று இரண்டு புத்திசாலிகளுக்கும் தோன்றவில்லை.

"எங்கம்மா கேட்டா, சாமி போட்ட முடிச்சுன்னு சொல்லுவாங்க" என்றாள், டீயை ஊதிக்கொண்டே.

"இது யூடியூப்பு போட்ட முடிச்சு."

அப்போதுதான் அவன் முதன்முதலாகச் சிரித்தான். அவள் கணக்கு தப்பவில்லை... அழகாகத்தான் இருந்தது. வெளியே நாலு துளி விழுந்து, மண் வாசம் மட்டும் காட்டிவிட்டு மழை ஏமாற்றிப் போனது. அந்தப் பக்கத்து மழைக்கு அது பழக்கம்.

ஆளுக்குப் பாதி என்று பிரித்துக்கொண்டார்கள். இது முறையா என்று ஆய்வு வழிகாட்டியான கைடிடம் கேட்டால் கைடு தொலைத்துவிடுவார், அதனால் கேட்கவில்லை. "கிழக்க நீங்க பாருங்க, மேற்க நான் பாத்துக்கிறேன். எங்கூரு அங்கிட்டுத்தான்" என்றவன், ஒரு நிமிஷம் கழித்து, "நீங்க அங்கிட்டு வரவே வேண்டாம்" என்றான். ஏனோ அதை அவசரமாகச் சொன்னான்.

"சரி. நீங்க பாத்தா நான் பாத்த மாதிரி."

"நம்புறீகளா?"

"நம்புறேன்" என்றாள். சொன்ன பிறகுதான், ஒரே வாரமாகத் தெரிந்த ஒருத்தனிடம் இதைச் சொல்லியிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. காது சூடாகிவிட்டது.

தினமும் சாயங்காலம் செய்தி வரும். பதினெட்டு: தரிசு. பத்தொன்பது: பருத்தி, காய்ந்தது. இருபது: கரி மூட்டம் போட்ட இடம், புகை. பக்கத்தில் போட்டோ. காதல் கடிதத்துக்கு இதைவிட வறண்ட வாசகம் உலகத்தில் இருக்க முடியாது. ஆனால் அவள் அதைப் பத்துத் தடவை படித்தாள். 'சாப்பிட்டீகளா' என்று கடைசியில் ஒரு சொல் சேர்ந்த அன்று, தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய அவளுக்குத் தூக்கம் வரவில்லை.

மனசில் இருப்பதை அவனும் சொல்லவில்லை, இவளும் சொல்லவில்லை. ஒரு நாள் போனில் கேட்டாள். "எதுக்குங்க இந்தப் படிப்ப எடுத்தீங்க?"

"மேல இருந்து பாத்தா எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியுதா?"

"எங்க... படத்துல ஒரு கட்டம் பத்து மீட்டர். அதவிடச் சின்னது ஒண்ணும் தெரியாது. மரத்துக்கு அடியில இருக்குறதும் தெரியாது. மேல பச்சையாத்தான் இருக்கும்..." பேச்சு அப்படியே நின்றது. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அலைந்த களைப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

இருபத்தாறாவது புள்ளிக்கு மட்டும் போட்டோ வரவில்லை. 'கருவேலம், நெருக்கம்' என்று செய்தி வந்தது. கேட்டதற்கு, போனில் சார்ஜ் இல்லை என்றான்.

கைடு விட்டாரா? எல்லாப் புள்ளிக்கும் போட்டோ வேண்டும், இரண்டு நாளில் வேண்டும் என்று கழுத்தைப் பிடித்தார். ஜோதிலிங்கத்துக்கு அன்று திருச்சியில் ஆய்வு ரிவியூ, போன் அணைந்திருந்தது. 'இருபத்தாறுக்கு நானே போயி போட்டோ எடுத்துக்கிறேன். உங்க ஊரப் பாத்த மாதிரியும் இருக்கும்' என்று ஒரு செய்தியைப் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள். போகிற வழியெல்லாம் அவன் வீடு எந்தத் தெருவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போனாள், பாவி.

புள்ளி ஊருக்கு வெளியே இருந்தது. கருவேலம், நெருக்கம்... அவன் எழுதியது சரிதான். குனிந்து குனிந்து போனாள். கண் போனில் இருந்தது. எட்டு மீட்டர்... ஐந்து... அவன் பார்த்த இடம்தானே, முள்ளுக்கு மட்டும் பயந்தால் போதும் என்று ஒரு கிளையை விலக்கிக் காலை எடுத்து வைத்தாள்.

கால் வைத்த இடத்தில் தரை இல்லை.

மாடு கட்டி இறைத்த பழைய கமலைக் கிணறு. சுற்றுச்சுவர் எப்போதோ இடிந்து உள்ளே போய்விட்டது. விளிம்பிலிருந்தும் கல் இடுக்கிலிருந்தும் கருவேலம் முளைத்து, வாயை முழுக்க மூடியிருந்தது. போன் கல்லில் மோதி மோதிக் கீழே போய், வெகுநேரம் கழித்துத் தண்ணீரில் விழுந்தது. அவள் விழவில்லை... இரண்டு கையாலும் முள்கிளையைப் பிடித்துத் தொங்கினாள். உள்ளங்கையில் முள் ஏறி எலும்பில் முட்டியது. விட்டால் சாவு, பிடித்தால் முள். கத்தினாள். அம்மா என்று கத்தினாள், அப்பா என்று கத்தினாள், கடைசியில் அவன் பெயரைச் சொல்லியும் கத்தினாள்.

வந்தது ஆடு மேய்க்கும் ஆண்டிச்சாமி. தொரட்டிக் கம்பைக் குறுக்கே போட்டு, விளிம்புக் கல்லில் ரத்தக் கை வழுக்க வழுக்க அவள் ஊன்றி ஏற, இடுப்பில் துண்டைக் கொடுத்து இழுத்துப் போட்டார். இழுத்துப் போட்டவர் தள்ளி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அவளுக்கு அது புரியவில்லை.

"யாரு தாயி இங்கிட்டு வரச் சொன்னா? ஊருல ஒரு சனம் வராத எடம். நம்ம ஜோதிலிங்கம் தங்கச்சி வேணி... ஆட்டப் பிடிக்க ஓடியாந்து இதுலதான் விழுந்துச்சு. காலேசுக்குச் சேர வேண்டிய புள்ள. கெடந்ததே மறுநா காலையிலதான் தெரியும். நாலு வருசமாச்சு. காட்டுக்குச் சொந்தக்காரன் டவுனுல இருக்கான், ஒரு கம்பி வேலி போடல."

ஜோதிலிங்கம் தங்கச்சி.

அவள் கையிலிருந்து ரத்தம் முழங்கை வரைக்கும் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவனுக்குத் தெரியும். இங்கே கிணறு இருப்பது இந்த உலகத்தில் வேறு யாரையும்விட அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் 'கருவேலம், நெருக்கம்' என்று எழுதினான்.

திருச்சியில் ரிவியூ முடிந்து போனைத் திறந்தவன் அவள் செய்தியைப் பார்த்தான். அன்று ராத்திரி வரைக்கும் அவன் அழைத்த எண், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கிணற்றுக்குள் இருக்கும் போன் வேறு என்ன சொல்லும்?

மறுநாள் விசாரித்து விசாரித்து அருப்புக்கோட்டைக்கு வந்து, அவள் வீட்டு வாசலில் நின்றான். அப்பா தறியை நிறுத்திவிட்டு, வீட்டுப் பேச்சான கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறி, "உள்ள வாங்க தம்பி" என்றார். அவன் வரவில்லை. சௌடேஸ்வரிதான் வெளியே வந்தாள். இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் கட்டு.

அவன் அந்தக் கைகளைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"நான் அங்க போகலைங்க. ரோட்டுலயே நின்னு எழுதிட்டேன். உங்கள அங்கிட்டு வர விடக் கூடாதுன்னுதான் மேற்க நானே எடுத்தேன். அப்புறம்... கெணறுன்னு எழுத எனக்குக் கை வரல."

"உங்களுக்கு எழுதக் கை வரல. எனக்குச் சோறு அள்ளித் திங்கக் கை இல்ல. அம்மாதான் ஊட்டி விடுறாங்க."

"சௌடேஸ்வரி..."

"அந்தப் புள்ளைக்காக நான் அழுதேன். ஆஸ்பத்திரியில தையல் போடுறப்ப, வலிக்கு இல்ல, வேணிக்குத்தான் அழுதேன். உங்களுக்காக அழ மாட்டேன். நீங்க பாத்தா நான் பாத்த மாதிரின்னு சொன்னேன்ல... போங்க. இனிமே எனக்கு எதையும் அனுப்பாதீங்க."

போகிறவனைக் கூப்பிட நாக்கு துடித்தது. கூப்பிட்டால் என்ன, குறைந்தா போய்விடுவாள்? ஆனால் ரோஷம் என்று ஒன்று இருக்கிறதே... அது நெஞ்சில் உட்கார்ந்துகொண்டால் இறக்கி வைப்பது லேசில்லை. கதவைச் சாத்திவிட்டு, கட்டுப் போட்ட கையால் கண்ணைத் துடைக்கத் தெரியாமல் நின்றாள்.

ஐப்பசி பாதி போன பிறகு ஒரு காலையில், பிடித்துக்கொள்ளாத தூறல். அப்பாவின் பழைய போனில் பழைய எண்ணையே வாங்கிப் போட்டிருந்தாள். செய்தி வந்தது.

'இருபத்தாறாவது புள்ளிக்கு வந்திருக்கேன். இப்பத்தான் மெய்யாவே வந்திருக்கேன். தப்பா எழுதுனதுக்கு மன்னிச்சிருங்க. இனிமே உங்களுக்கு என்னால தொந்தரவு இருக்காது.'

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது கடைசி வரியில் நின்றாள். தொந்தரவு இருக்காது என்றால்...? அழைத்தாள். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.

"அப்பா, ஒண்ணும் கேக்காம வண்டிய எடுங்க" என்றாள் கன்னடத்தில். மகள் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்கவில்லை, சட்டைகூட மாற்றவில்லை.

இருபது மைலும் அவள் வேண்டாத தெய்வம் இல்லை. போ என்று சொன்னது நான்தானே... நான்தானே சொன்னேன்... இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள். தூறல் முகத்தில் அடித்தது. முன்னால் அப்பா இருப்பதை மறந்து வாய்விட்டு அழுதாள். ஒரு உயிரை எடுக்க ஒரு கடுஞ்சொல் போதும் என்று இருந்தால், இந்த உலகத்தில் யார்தான் மிஞ்சுவது... ஆனால் பயம் இந்த நியாயமெல்லாம் கேட்குமா?

ரோட்டில் அப்பாவை நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். முள் கிழித்தது தெரியவில்லை. "ஜோதி..." என்று கூப்பிட்டாள். முழுப் பெயர் வரவில்லை.

வெட்டும் சத்தம் கேட்டது.

கிணற்றின் அந்தப் பக்கம் நின்று அவன் கருவேலத்தை வெட்டிக்கொண்டிருந்தான். கையில் அரிவாள், சட்டையெல்லாம் கிழிசல், முன்கை முழுக்க ரத்தக் கோடு. கிணற்றின் ஒரு பாதி வெளிச்சத்துக்கு வந்திருந்தது. கரிய வாய். உள்ளே தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெட்டிப் போட்ட முள்ளின் மேல் அவன் போன் கிடந்தது, யாரும் எடுக்காமல்.

உயிரோடு இருக்கிறான். அப்படியே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்படியா எழுதுவாங்க? தொந்தரவு இருக்காதுன்னு... நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்."

அவன் வெட்டுவதை நிறுத்தினான். அரிவாளின் முனையை மண்ணில் ஊன்றினான். பிறகு, "நீங்க நெனச்சது தப்பில்லைங்க. காலையில வாரப்ப அப்படித்தான் வந்தேன்" என்றான்.

குனிந்து விளிம்புக் கல் ஒன்றைத் தொட்டுக் காட்டினான்.

"வந்து எட்டிப் பாத்தேன். இந்தா, முள்ளு மூடி மழை படாம கெடந்த இந்தக் கல்லுல... உங்க கை வழுக்கின தடம். ரத்தம் காஞ்சு கருப்பா இருந்துச்சு. விரல் அஞ்சும் தனித்தனியாத் தெரிஞ்சுச்சு. எம்புட்டுப் பிடிச்சிருக்கீக... அத்தன முள்ளு ஏறியும் விடலையே. அதப் பாத்துட்டு எனக்கு உள்ள பாக்க வெட்கமாப் போச்சு. வீட்டுக்குப் போயி அரிவாள எடுத்துட்டு வந்தேன்."

அவள் அழுதாள். அழ மாட்டேன் என்று சொன்னவள்தான். சொன்னது யாருக்கு இப்போது நினைவு இருக்கிறது?

"வேணிய நான்தான் அனுப்புனேன்" என்றான் அவன் மெதுவாக. "ஆடு அவுத்துக்கிட்டு ஓடுச்சு. அம்மா என்னையத்தான் போகச் சொல்லுச்சு. நான் போன்ல மேட்ச் பாத்துக்கிட்டு இருந்தேன். நீ போடின்னேன். முனங்கிக்கிட்டே போனா. அதான் அவ குரலக் கடைசியாக் கேட்டது. தானாத்தான் போனான்னு அம்மா இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கு. நாலு வருசமா எனக்குச் சோறு போடுறப்பெல்லாம், நீயாவது இருக்கியேன்னு சொல்லும். அத முழுங்கணும்."

சௌடேஸ்வரி எழுந்து நின்றாள். இவனை அணைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது, இரண்டு அறை விட வேண்டும் என்றும் இருந்தது. இரண்டுக்கும் கை உதவாது.

"மன்னிச்சுட்டேன்னு நான் சொல்ல மாட்டேன். கோவம் இருக்கு. அது போக நாளாகும். ஆனா வர்ற வழியில... நீங்க இல்லைன்னு நெனச்சுப் பாத்தேன். ஒரு நிமிசம்தான் நெனச்சேன். என்னால முடியல." மூச்சு வாங்கினாள். "உங்கள எனக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. போதுமா? அந்தப் பக்கம் நின்னது போதும், இங்க வாங்க."

அவன் நகரவில்லை. அந்தப் பெரிய கண்களில் மழையா, வேறா என்று தெரியவில்லை.

"உங்க கைய இப்படி ஆக்கிட்டு, எனக்கும் பிடிக்கும்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அத அப்புறம் சொல்லுங்க. முதல்ல உங்கம்மாட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. இன்னைக்கே."

"தனியா முடியாதுங்க. பல தடவ வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கு."

"தனியாப் போகச் சொன்னது யாரு? நானும் வாரேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "வந்தா... யாருன்னு கேக்கும்."

"கேட்டாச் சொல்லுங்க."

"என்னன்னு சொல்ல?"

இந்த இடத்தில், இந்த நேரத்தில் வெட்கம் வரலாமா? வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் குரல் கிணற்றைத் தாண்டித் தயங்கித் தயங்கி வந்தது.

"இவளத்தான் கட்டிக்கப் போறேன்னு... சொல்லவா?"

மழை கொஞ்சம் வலுத்தது. உள்ளே தண்ணீரில் அது விழும் ஓசை மேலே வரைக்கும் கேட்டது. சௌடேஸ்வரி கிணற்றைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"ரெண்டையும் இன்னைக்கே சொல்லிருங்க" என்றாள்.

ஜோதிலிங்கம் அரிவாளைக் கீழே போட்டான். விளிம்பைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, கிணற்றைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தான்.